டர்பன் கடற்கரைக்கு ஏற்ற லாங்போர்டு: சொல்லிச் செய்வதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் சனி, ஞாயிறு காலையில் அலைச்சறுக்குப் பலகையோடு கடற்கரைக்கு வருகிற நம் பிள்ளைகள் இப்போது அதிகமாகத் தெரிகிறார்கள். வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்து, இங்கே அலைப் பைத்தியம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பலகை புராணம் சொல்லி என் காபி ஆறிப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் பலகை செய்கிறவன் இல்லை. இருபது வருஷத்தில் நான்கு லாங்போர்டு, அதாவது 9 அடியும் அதற்கு மேலும் நீளமான பலகை, சொல்லிச் செய்து வாங்கியவன், அவ்வளவுதான். முதல் பலகை படுதோல்வி. கீழே உள்ள பதில்களில் பாதி அது கற்றுக்கொடுத்தது.

கடையிலேயே வரிசையாகத் தொங்குகிறதே, எதற்குச் சொல்லிச் செய்ய வேண்டும்?

நீங்கள் இன்னும் உடைந்த அலையின் வெள்ளை நுரையில் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தால், வேண்டவே வேண்டாம். மேலே மெத்தென்ற ரப்பர் வைத்த பலகை ஒன்றை வாடகைக்கோ பழையதாகவோ எடுத்து ஆறு மாதம் ஓட்டுங்கள். உடையாத அலையை யாரும் தள்ளிவிடாமல் தானே பிடித்து, வலமோ இடமோ திரும்பி ஓட முடிகிறது என்ற நிலை வந்த பிறகு ஷேப்பரிடம் போனால் போதும். பலகையை இழைத்து வடிவம் கொடுப்பவரைத்தான் இங்கே ஷேப்பர் என்கிறோம்.

அந்த நிலை வந்தவருக்குச் சொல்லிச் செய்வதில் லாபம் உண்டு. கடையில் தொங்கும் லாங்போர்டுகளில் பல, நீளமாக, மெதுவாக ஓடும் அலையை மனதில் வைத்துச் செய்தவை. நம் அலை அப்படி இல்லை. உங்கள் எடை, உயரம், முழங்கால் வலி எதுவும் அந்தப் பலகைக்குத் தெரியாது.

பீச் பிரேக் என்கிறார்களே, அது என்ன? அதற்குத் தனிப் பலகையா?

பாறை முனையைச் சுற்றி வந்து உடையும் அலை ஒரு வகை. ஜெஃப்ரீஸ் பே அதற்குப் பேர் போனது. கடலடிப் பாறைத் திட்டின் மேல் உடைவது இன்னொன்று; துறைமுகத்துக்குத் தெற்கே நம் பிளஃப் மேட்டுப் பக்கம் இருக்கும் கேவ் ராக் அந்த வகை. வெறும் மணல் திட்டின் மேல் உடைவதுதான் பீச் பிரேக். பாறை நகராது, மணல் நகரும். போன வாரம் அருமையாக ஓடிய இடம் இந்த வாரம் மொத்தமாக ஒரே நேரத்தில் மடிந்து விழும். டர்பனில் இது இன்னும் அதிகம். இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. துறைமுக வாய் அதைத் தடுப்பதால், தேங்கும் மணலை எடுத்துக் கரைக்கு பம்ப் செய்கிறார்கள். பம்ப் ஓடினால் ஒரு மாதிரி, நின்றால் இன்னொரு மாதிரி.

இப்படிப்பட்ட அலைக்கு மூன்று குணம். ஓட்டம் குறைவு, எழும்பும்போது செங்குத்து, உடையும்போது கரைக்குப் பக்கம். 9 அடிப் பலகையோடு அதில் இறங்கினால் முதலில் வரும் ஆபத்து மூக்கு குத்துவதுதான். பலகையின் முன்பக்கம் தண்ணீருக்குள் போய்விடும், பின்பக்கம் உங்களைத் தூக்கி எறியும். நம் ஊர்க் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். கரை அலையைத் தாண்டிப் போகவேண்டிய அந்த மரங்களின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அழகுக்காக யாரும் அப்படிச் செதுக்கவில்லை.

டர்பனில் எல்லா இடத்திலும் ஒரே அலைதானே?

இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நகரக் கடற்கரை முழுவதற்கும் கோல்டன் மைல் என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம்; ஆனால் தெற்குக் கோடியில் இருக்கும் ஆடிங்டனும் சவுத் பீச்சும் வேறு, நியூ பியரும் நார்த் பீச்சும் வேறு. தெற்கிலிருந்து வரும் அலையை பிளஃப் மேடு கொஞ்சம் மறைத்துக்கொள்வதால் ஆடிங்டன் பக்கம் அலை சிறிதாக, சாதுவாக இருக்கும். லாங்போர்டுக்காரர்களும் புதியவர்களும் அங்கே கூடுவது அதனால்தான். வடக்கே டெய்ரி, நியூ பியர், நார்த் பீச், பே ஆஃப் பிளெண்டி என்று போகப் போக மறைப்பு குறையும், அலைக்கு முறுக்கு ஏறும். கூட்டமும் ஏறும், கூட்டத்தின் கோபமும் ஏறும்.

சவுத் பீச்சுக்குச் செய்த பலகையை நியூ பியரில் ஐந்தடி அலையில் இறக்கினால் அவஸ்தை. நியூ பியருக்குச் செய்ததை ஆடிங்டனில் முழங்கால் அலையில் இறக்கினால் அது நகரவே நகராது. ஆகவே ஷேப்பரிடம் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாகப் பத்து தடவை எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயர அலையில் இறங்கினீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்பட்ட நாட்களை எழுதாதீர்கள், போன நாட்களை எழுதுங்கள். என் பட்டியலில் பத்தில் ஏழு தடவை சவுத் பீச், இடுப்பளவு அலை, காலை ஆறு மணி. என் மனதிலோ நான் எப்போதும் நியூ பியர்க்காரன்!

அளவு சொல்லுங்கள் அண்ணா. நீளம், அகலம், கனம்?

லாங்போர்டு போட்டிகளில் குறைந்தது 9 அடி இருக்க வேண்டும் என்பது வழக்கம். நம் கடற்கரைக்கு அதற்கு மேல் அதிகம் தேவையில்லை. 75 கிலோ எடையுள்ள, ஓரளவு பழகிய ஆளுக்கு 9 அடி 1 அங்குல நீளம், 22¾ அங்குல அகலம், 2⅞ அங்குல கனம் என்று ஆரம்பிக்கலாம். கொள்ளளவு சுமார் 62 முதல் 65 லிட்டர் வரும். 90 கிலோவுக்கு மேல் என்றால் 9 அடி 4, அகலம் 23, கனம் 3 அங்குலத்தை ஒட்டி. 70 லிட்டரைத் தாண்டும்.

10 அடிப் பலகை கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட பலகை சீக்கிரம் அலையைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் செங்குத்தான குட்டை அலையின் வளைவுக்குள் அது உட்காராது. அலை முடிகிறது, பலகையோ இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அப்புறம், பெரிய பலகையை அலைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு போக முடியாது. ஆமை மாதிரி கவிழ்ந்து, அடியில் தொங்கிக்கொண்டு, அலையை மேலே விடவேண்டும். பத்து அலை வரிசையாக வரும் நாளில் ஒவ்வொரு அங்குலமும் தோளில் தெரியும்.

லிட்டர் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஒரே 65 லிட்டரை மூக்கில் வைக்கலாம், நெஞ்சுக்குக் கீழே வைக்கலாம். நெஞ்சுக்குக் கீழே கேளுங்கள்.

ராக்கர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புரியும்படி சொல்ல முடியுமா?

பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வாழைப்பழம் மாதிரி லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் ராக்கர். முன்னே தூக்கியிருப்பது மூக்கு ராக்கர், பின்னே தூக்கியிருப்பது வால் ராக்கர். நம் கடற்கரைக்குப் பலகை செய்கிறவர் யோசிக்கவேண்டிய முதல் விஷயம் இது. நீளமெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

தட்டையான பலகை வேகமாக வழுக்கும், கை போட்டால் சீக்கிரம் நகரும், சோம்பேறி அலையிலும் ஓடும். ஆனால் செங்குத்தான அலையில் இறங்கும்போது அலையின் சரிவும் பலகையின் தட்டையும் ஒட்டாது, மூக்கு குத்தும். வளைவு அதிகமானால் இறக்கம் பத்திரம், ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், வேகம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் வேண்டும். முன் மூன்றில் ஒரு பங்கில் நல்ல வளைவு, நடுவில் கிட்டத்தட்ட தட்டை, வாலில் திரும்புவதற்குத் தேவையான அளவு மட்டும். முழுக்க ஒரே சீராக வளைந்த பலகையைவிட இது நம் அலைக்குப் பல மடங்கு மேல்.

இன்னொரு சின்ன விஷயம். மூக்குக்கு அடியில் பள்ளமாகக் குடைந்து தருவார்கள், நுனியில் நிற்பவருக்குத் தூக்கிக் கொடுப்பதற்காக. அந்தக் குடைவு ஆழமாக இருந்தால் காற்றுக் கொந்தளிப்பில் மூக்கு தட்டித் தட்டி நிற்கும். வடகிழக்குக் காற்று அடிக்கும் நம் கோடைக்கு லேசான குடைவு போதும். அடிப்பக்கம் முன்னே மெல்லக் குவிந்து, விளிம்புகள் மேலே தூக்கியிருந்தால் இன்னும் நல்லது. மூக்கு தண்ணீரைத் தொட்டாலும் விளிம்பு மாட்டிக்கொள்ளாது.

மூக்கு நுனியில் பத்து விரலும் தொங்க நிற்கவேண்டும் என்று ஆசை. அதற்கான பலகை செய்யலாமா?

செய்யலாம், சவுத் பீச்சுக்காரராக இருந்தால். அந்தப் பலகைக்கு மூக்கு அகலமாக, நுனியிலிருந்து 12 அங்குலம் தள்ளி அளந்தால் 18½ அங்குலத்துக்கு மேல் இருக்கும்; வால் சதுரமாக, அகலமாக, மேலே தூக்கியிருக்கும். அலையின் தண்ணீர் வாலை அமுக்கிப் பிடிக்க, நீங்கள் முன்னே நடக்கிறீர்கள். ஆனால் நடக்க நேரம் வேண்டுமே! நான்கு விநாடி ஓடும் அலையில் போய் நின்று திரும்பி வருவதற்குள் கரை மணல் வந்துவிடும்.

என் முதல் பலகை இதுதான். 9 அடி 6, படத்தில் பார்த்து மயங்கிக் கேட்டது. ஷேப்பர் ஒரு தடவை புருவத்தைத் தூக்கினார். நான் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டார். நீர் இறங்கிய ஒரு மதியம் டெய்ரி பீச்சில் மூக்கு மணலில் குத்தி, பலகை நடுவில் இரண்டாகப் போனது. வாங்கி ஐந்து வாரம். வீட்டில் அம்மா அந்தப் பாதியை மல்லிகைக் கொடிக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டார். இன்றைக்கும் நிற்கிறது, நல்ல ராக்கர்!

இப்போது நான் சொல்வது: மூக்கு 17½ முதல் 18 அங்குலம். ஐந்து விரல் தொங்கும். அது போதாதா?

வால் எப்படி இருக்க வேண்டும்? விளிம்பு?

அலை செங்குத்தாக இருந்தால் வால் குறுகவேண்டும். உருண்டு குவியும் வால் அலையில் நன்றாகப் பிடிக்கும். மூலை மழுங்கிய சதுர வால் சிறிய அலையில் திரும்பச் சுலபம். இடுப்பளவு முதல் தலையளவு வரை எல்லாம் ஓட்டவேண்டும் என்கிறவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். விளிம்பு முன்னே மெத்தென்று உருண்டு, பின் காலுக்குக் கீழே மட்டும் கூர்மையாக இருக்கட்டும்.

ஒரு ஃபின்னா, மூன்றா?

ஃபின் என்பது வாலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒரு சின்னது. இந்த அமைப்பைக் கேளுங்கள், எல்லாம் கழற்றக்கூடியதாக. அலை சிறிதாக இருந்தால் பக்க ஃபின்களைக் கழற்றிவிட்டு, நடுவில் 9 அல்லது 9½ அங்குல ஃபின் ஒன்றைப் போடலாம். முறுக்கான நாளில் நடுவே 7 அங்குலத்தோடு பக்கத்துச் சின்னதுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபின்னைச் செருகும் நடுப்பெட்டி பத்தங்குலம் நீளம் இருப்பதால் ஃபின்னை முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்னே தள்ளினால் பலகை சுலபமாகத் திரும்பும், பின்னே தள்ளினால் நேராகப் பிடித்து ஓடும். ஒட்டிய ஃபின் அழகுதான். கரை அலையில் தட்டி வேரோடு பெயர்ந்தால் பழுது பார்க்கும் செலவு அழகாக இருக்காது.

பாலியூரித்தேனா, எபாக்ஸியா?

பாலியூரித்தேன் நுரைக்கட்டையில் பாலியஸ்டர் பிசின் பூசுவது பழைய முறை. கனமாக இருக்கும், அலையில் நிதானமாக ஓடும், வெயிலில் மஞ்சளாகும், பழுது பார்ப்பது சுலபம். பாலிஸ்டைரீன் நுரையில் எபாக்ஸி பூசினால் எடை குறையும், அடிபட்டு நசுங்குவதும் குறைவு. ஆனால் காற்று அடிக்கும் நாளில் தக்கை மாதிரி துள்ளும். விரிசல் விட்டால் தண்ணீரை உறிஞ்சும். ஒரு எச்சரிக்கை: அந்த நுரைமேல் பாலியஸ்டர் பிசினைப் பூசினால் நுரை கரைந்துவிடும். வீட்டில் ஒட்டுப்போடும் மச்சான்கள் கவனிக்க.

என் ஓட்டு பழைய முறைக்கு. லாங்போர்டுக்கு எடை ஒரு குறை இல்லை, அதுதான் சிற்றலையில் உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. கண்ணாடி நாரைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். மேலே 6 அவுன்ஸ் துணி இரண்டு அடுக்கு, கீழே ஒன்று. நடுவில் ஓடும் மரக்கீற்றுக்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர். அது இல்லாத லாங்போர்டு நம் கரை அலைக்கு வேண்டாம். கடும் நிறம் பூசினால் ஜனவரி வெயிலில் கொதிக்கும். எந்தப் பலகையானாலும் பூட்டிய காருக்குள் மதியம் விட்டால், துணி நுரையை விட்டுக் கொப்புளமாக எழும்பும்.

ஷேப்பரிடம் என்னதான் சொல்வது? போனதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எடையைச் சரியாகச் சொல்லுங்கள், தீபாவளிக்கு முந்தைய எடையை அல்ல. உயரம், வயது, வாரத்துக்கு எத்தனை தடவை, எந்தக் காலை முன்னே வைத்து நிற்கிறீர்கள், முழங்கால், முதுகு, தோள் நிலவரம். மேலே சொன்ன பத்து நாள் பட்டியலைக் கையில் கொடுங்கள். இப்போது ஓட்டும் பலகையையும் தூக்கிக்கொண்டு போங்கள். அதில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எண்களை நீங்களே முடிவு செய்து கொண்டுபோய் நீட்டாதீர்கள். "இடுப்பளவு அலையில் சீக்கிரம் எழுந்து நிற்கவேண்டும், இறங்கும்போது குத்தக்கூடாது" என்று தேவையைச் சொல்லிவிட்டு, அவர் என்ன எண் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் காரணத்தோடு மறுத்தால் நல்ல ஆள். நீங்கள் சொன்ன எதற்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முடிவான அளவுகளை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கேட்பார்கள், வாரக்கணக்கில் ஆகும். கையில் வந்த பிறகும் பிசின் நன்றாக இறுக ஓரிரு வாரம் நிழலில் வைப்பது நல்லது. இதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை.

நான் 55 கிலோ, உயரமும் குறைவு. 9 அடியை அக்குளில் இடுக்கவே முடியவில்லை, அண்ணா.

அகலம்தான் பிரச்சினை தங்கச்சி, நீளம் இல்லை. 22 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், கனம் 2½ போதும். தோளில் மாட்டும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், உங்களுக்கு 7½ அல்லது 8 அடியில் ஒரு நடுத்தரப் பலகையே லாங்போர்டு செய்கிற வேலையைச் செய்துவிடும். கடற்கரையில் எவரும் டேப் வைத்து அளக்கப்போவதில்லை.

சுறா?

டர்பனில் 1952 முதல் சுறா வலை இருக்கிறது. ஒவ்வொரு வலையும் சுமார் 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். சுவர் மாதிரி முழுசாக அடைத்திருக்காது. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் வரும்போது வலையை எடுத்துவிடுவார்கள், அப்போது தண்ணீரில் இறங்காதீர்கள். கரையில் நின்று கரைவலை இழுப்பதைப் பாருங்கள், அதுவே போதும். கனமழைக்குப் பிறகு உம்கேனி ஆறு பழுப்பாகக் கலக்கும் நாட்களிலும் வேண்டாம். அது சுறாவுக்காக மட்டும் இல்லை, வயிற்றுக்காகவும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு" என்கிறார் தாத்தா. என்ன சொல்வது?

தாத்தாவோடு சண்டை போடாதீர்கள். 1953 இல் வந்த சட்டம் பூங்கா, பேருந்து, கடற்கரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது. 1990 இல்தான் அது நீக்கப்பட்டது. ஷான் டாம்சன் என்ற டர்பன் பையன் 1977 இல் உலக சாம்பியன் ஆனபோது, அவர் பழகிய கரையில் தாத்தா கால் நனைக்கக்கூட முடியாது. ஆனால் கடல் நமக்குப் புதுசு என்று மட்டும் அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1860 இல் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து வந்து இறங்கிய பிறகு, ஒப்பந்தம் முடிந்த நம்மவர்கள் பலர் இதே கரையில் வலை இழுத்துப் பிழைத்தார்கள். அவரை ஒரு நாள் சவுத் பீச்சுக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வையுங்கள். என் தாத்தா மூன்றாவது வாரம், நான் எந்த அலையை விட்டுவிட்டேன் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

எப்போது சொல்லிவைப்பது நல்லது?

காவடி முடிந்த கையோடு. ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று அலையைக் கலைத்துப்போடும், அவசரம் இல்லை. அப்போது சொன்னால் ஈஸ்டருக்குள் கையில் இருக்கும். பெரிய வெள்ளியன்று இஸிபிங்கோ மாரியம்மன் கோயில் போய்வந்த பிறகு தொடங்குகிற இரண்டு மாதம்தான் நம் கடலின் பொன்னான காலம். தெற்கு அலை வரத் தொடங்கும், காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து வீசி அலையை நிமிர்த்தி நிறுத்தும், தண்ணீரும் இன்னும் இதமாக இருக்கும்.

புதுப் பலகை வந்தது, மூன்று நாள் ஓட்டினேன், பிடிக்கவில்லை. விற்றுவிடவா?

பொறுங்கள். முதலில் நடு ஃபின்னை ஒரு அங்குலம் முன்னே தள்ளிப் பாருங்கள். மறுநாள் பின்னே. அப்புறம் நீங்கள் படுக்கும் இடத்தை ஒரு சாண் பின்னுக்கு மாற்றுங்கள்; புதுப் பலகையில் பெரும்பாலோர் பழைய பலகையின் இடத்திலேயே படுக்கிறார்கள். பலகை சரியாக மிதக்கும் இடம் கிடைத்ததும், உங்கள் தாடைக்கு நேராக, வழுக்காமலிருக்கப் பலகைமேல் பூசும் மெழுகில் ஒரு கோடு கீறிவையுங்கள். பத்து தடவை அந்தக் கோட்டில் தாடை வைத்து ஓட்டிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், 9 அடி 1 என்றால் நானே வாங்கிக்கொள்கிறேன்.